புந்தா அரேனாஸில் ஒரு காற்றுமானி பூட்டினேன்

1

போன கிழமை சுபாவின் வகுப்பு ரீச்சர் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். சுபா என் மகள், ஒன்பது வயது. சுவிஸில், நொஷாட்டல் ஊரில் ஏரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

"மடாம் குலா, உங்கள் மகளுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம். அம்மா உலகத்தின் கடைசித் துறைமுகத்துக்குப் போய்க் கம்பத்தில் ஏறினா என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நான் கண்டிக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒருதரம் அவளோடு பேசினால் நல்லது" என்றார்.

என் கணவரின் பெயர் குலசிங்கம். இந்த ஊரில் யாருடைய நாக்கும் 'குலா'வுக்கு மேல் போவதில்லை. அதனால் ஐந்து வருடமாக நான் மடாம் குலா.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது பயணப் பத்திரத்தையும் ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரீச்சர் சிலி நாட்டு விசா அடித்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இடுப்பில் பட்டி கட்டி, நீலக் காற்சட்டையும் தொப்பியும் போட்டு, கம்பத்தடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது நான்தான்.

"சுபா சொன்னதைவிடக் கம்பம் உயரமாக இருக்கிறதே" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுபா பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். "தமிழில சொல்லம்மா" என்றேன். "தமிழில அவ்வளவு கெதியாக் கதைக்கேலாது அம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று அவளைத் திருத்த மனம் வரவில்லை. என்னைப் பற்றித்தானே அவ்வளவு கெதியாகக் கதைத்தாள்.

ஊரிலிருந்து வருகிற கடிதங்களில், "தவமணி, நீ அங்கே என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கிறார்கள். "ஒரு ஃபக்டரியில்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்றச் செய்திகளுக்குப் போய்விடுவேன். இந்தமுறை விரிவாகவே எழுதுகிறேன்.

2

யாழ்ப்பாணத்தில் நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் பௌதிகவியல் படிப்பித்தேன். ஆய்வுகூடத்துக்குச் சாமான்கள் கேட்டு எழுதினால் பதில் வராது. காற்றின் வேகத்தை அளப்பது பற்றிப் பாடம் வந்தபோது, நாலு சிரட்டைகளைத் தேய்த்து, குடைக் கம்பியில் கட்டி, சைக்கிள் குண்டுகள் போட்டுப் பிள்ளைகளோடு ஒரு காற்றுமானி செய்தேன். சோளகக் காற்று வீசும் நாட்களில் அது மாடியில் நின்று நன்றாகவே சுற்றியது. ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுவதற்குப் பிள்ளைகள் அடிபடுவார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் சுவிஸுக்கு வந்தோம். வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் விபரம் எடுத்தவர், என் பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டு, தொழில் என்ற கட்டத்தில் 'பயிற்சி இல்லை' என்று எழுதினார். எனக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. என்ன எழுதினார் என்று இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் வாசித்தேன்.

அந்தப் 'பயிற்சி இல்லை'யோடுதான் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கடிகாரங்களுக்குப் பேர்போன ஊர் இது. எங்கள் தொழிற்சாலை செய்வது கடிகாரமல்ல, அளவு கருவிகள். காற்றுமானியின் சுழலும் அச்சுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பேரிங் உண்டு. உருப்பெருக்கியில் கண்ணை வைத்து அவற்றைப் பொருத்தி, ஊசி முனையால் கடுகளவு எண்ணெய் வைப்பது என் வேலை. முடித்த கருவியின் சீட்டில் பொருத்தியவரின் இலக்கம் அடிக்க வேண்டும். என் இலக்கம் பதினேழு.

சிலி நாட்டின் தெற்கு நுனியில், புந்தா அரேனாஸ் துறைமுகத்துக்கு அனுப்பிய காற்றுமானி ஒன்று பழுதாகித் திரும்பி வந்தது. இன்னொன்று அனுப்பினார்கள். எட்டு மாதத்தில் அதுவும் திரும்பி வந்தது. இந்தமுறை அதோடு ஒரு கடிதமும் வந்தது. வெளியே காற்று மணிக்கு அறுபது கிலோமீற்றரில் வீச, கருவி நாற்பது காட்டியிருக்கிறது. அதை நம்பிக் கப்பலுக்கு வழிகாட்டப் போன படகு கவிழ்ந்துவிட்டது. படகோட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள், உயிர் இருக்கிறது, வலது கை சரியாக வரவில்லை.

கடிதத்தைச் சத்தமாக வாசித்தவர் எஞ்சினியர் பெரே. ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். வாசித்து முடித்துச் சீட்டைத் திருப்பினார். இரண்டு சீட்டிலும் பதினேழு.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. நான் வைத்த எண்ணெய் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கை என்னால் போயிற்றா? மேசையில் கிடந்த பழுதான பேரிங்கை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். ஒருமுறை பார்த்துவிட்டு, நம்பாமல் மற்றதையும் எடுத்து வைத்தேன். இரண்டிலும் வெளிவளையம் ஒரே ஒரு பக்கத்தில்தான் தேய்ந்திருந்தது. மற்றப் பக்கம் புதிது போலப் பளபளத்தது.

உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பினேன். ஐந்து வருடத்தில் ஒரு கூட்டத்தில் நானாக வாய் திறந்தது அதுதான் முதல்முறை.

"இது துரு இல்லை. அந்த ஊரில் காற்று ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வருகிறது. வருடம் முழுக்க. நிற்பதே இல்லை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரெஞ்சில் காற்றுக்கும் வைனுக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். மூக்கால் விடுகிற விதத்தில்தான் வித்தியாசம். அந்த ஊரில் வைன் ஒரு பக்கத்தில் இருந்து வருடம் முழுக்க நிற்காமல் வருகிறது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

பெரே மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி வந்து உருப்பெருக்கியில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவேயில்லை.

"மடாம் குலா சொல்வது சரி" என்றார். "எண்ணெயில் பிழையில்லை. பிழை என்னுடைய வரைபடத்தில்."

அந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை எஞ்சினியர்களுக்கு மனம் வரும் என்று எனக்குத் தெரியாது. இவருக்கு வந்தது.

பிறகு இரண்டு மாதம் அவரும் நானும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்தோம். மேல் பேரிங்கைப் பெரிதாக்கினார். வளையத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைக்க ஏற்பாடு செய்யலாம் என்று நான் சொன்னேன். கிணற்றுக் கயிறு ஒரு பக்கம் நைந்தால் தலைகீழாக மாற்றிக் கட்டுவதில்லையா, அந்த யோசனைதான். அவருக்குக் கிணற்றுக் கயிற்றை விளங்கப்படுத்தத்தான் அரை மணித்தியாலம் போனது.

ஒரு சிக்கல் இருந்தது. புதிய பேரிங்கை அந்தத் துறைமுகத்தில், கம்பத்தின் மேலேயே வைத்துப் பொருத்த வேண்டும். இங்கேயே பொருத்தி அனுப்பினால் பயணத்தின் குலுக்கலில் அது அசைந்துவிடும்.

"நீங்கள் என்னோடு வர வேண்டும்" என்றார் பெரே. "கம்பத்தில் ஏறுவது நான், கீழே பேரிங்கை ஆயத்தப்படுத்தித் தருவது நீங்கள்."

3

வீட்டில் சொன்னபோது என் கணவர் குலம் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. கைகள் எப்போதும் கொதிநீரில் வெந்து சிவந்திருக்கும்.

"எவ்வளவு தூரமப்பா அது?"

"அங்கால பனிக்கட்டி மட்டும்தானாம்."

"சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சீரோ? தனிய ஒரு வெள்ளைக்காரனோட..."

"உங்களுக்கு என்ன தோன்றுது? அதைச் சொல்லுங்கோ."

"எனக்கோ? எனக்கு, உம்மை 'பயிற்சி இல்லை' எண்டு எழுதினவனை ஒருக்காக் கூட்டிக்கொண்டுவந்து இதைக் கேட்கவைக்க வேணும் போல இருக்கு" என்றார். பிறகு, "அங்க குளிருமோ?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு காற்சட்டை எடுத்துத் தந்தார். நீளம் கூடிவிட்டதென்று தானே இருந்து மடித்துத் தைத்தார்.

அதற்குப் பிறகு காகித வேலை. அகதிகளுக்கான பயணப் பத்திரம் எடுக்க வேண்டும். வெளிநாட்டவர் பிரிவில் இருந்த பெண், தொழிற்சாலைக் கடிதத்தை இரண்டுதரம் வாசித்து, "பொருத்துகிற வேலை செய்யும் ஒருவரையா அனுப்புகிறார்கள்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். "ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. பேர்ணில் இருக்கும் சிலித் தூதரகத்துக்கு விசாவுக்குப் போனபோது, நாட்டினம் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று அங்கிருந்தவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்றுமுறை போய்வந்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

பத்திரம் கைக்கு வந்தபோது அதிலிருந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும். பூமி உருண்டையின் அடிநுனிவரைக்கும் போகலாம். அம்மா இருக்கிற வீட்டுக்குப் போக முடியாது. விமானத்தில் ஏறி இருக்கையில் உட்கார்ந்த பிறகும் அந்த வரிதான் நினைவில் நின்றது.

4

சூரிச்சில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, மூன்றாம் நாள் போய் இறங்கினோம். விமானப் படியில் கால் வைத்ததும் ஏதோ ஒன்று என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. யாரோ ஆள் இடித்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. காற்றுத்தான்.

விமான நிலையத்தில் இராணுவத்தினர் நின்றார்கள். அப்போது அங்கே இராணுவ ஆட்சி. துவக்கைக் கண்டதும், யாரும் கேட்காமலே என் கை பையைத் திறந்து பத்திரத்தை வெளியே எடுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இராணுவச் சென்றிச் சாவடிகளைக் கடந்து பழகிய கை. அந்தச் சிப்பாய்க்கு இருபது வயதுகூட இராது. பத்திரத்தைப் புரட்டி, படத்தையும் என்னையும் பார்த்து, முத்திரையைக் குத்தி, ஏதோ சொன்னான். எங்களை அழைத்துப்போக வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பறந்துவிடும் என்கிறான்." மொழிபெயர்ப்பாளர் அந்த ஊரில் பிரெஞ்சு படிப்பிக்கும் ஒரு ரீச்சர், மார்த்தா என்று பெயர்.

ஒக்டோபர் மாதம். சுவிஸில் இலை கொட்டிக்கொண்டிருந்தபோது அங்கே வசந்தம். ஆனால் பூந்தோட்டங்களை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். முள்ளுப் பற்றைகளில் சிறு மஞ்சள் பூக்கள் அப்பிக்கொண்டு கிடந்தன. ஊருக்கு வெளியே நின்ற மரங்கள் எல்லாம் கிழக்குப் பக்கம் சாய்ந்து, தலைமயிரை ஒரு பக்கமாக வாரிவிட்ட மாதிரி நின்றன. தகரக் கூரைகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒவ்வொரு நிறம் பூசியிருந்தார்கள். தெருவின் நுனியில் மகெல்லன் நீரிணை, ஈயம் உருக்கி ஊற்றிய நிறத்தில். அதன் மேல் வெள்ளை நுரை ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தது.

வசந்தத்தில்தான் காற்று மூர்க்கமாக வீசுமாம். நகரத்தின் நடுச் சதுக்கத்தில் தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள். எதற்கு என்று மார்த்தாவிடம் கேட்டேன். "பிடித்துக்கொண்டு நடக்க" என்றார், வேறெதற்கு என்பது போல. பால் போத்தலோடு ஒரு வயதான பெண், ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, காற்று தணியும் ஒரு கணத்துக்குப் பொறுத்து நின்று, சட்டென்று தெருவைக் கடந்தார். ஒருவரும் அந்தக் காற்றைப் பற்றி முறையிடவில்லை. எனக்கு அந்த ஊர்ச் சனத்தை உடனேயே பிடித்துப்போனது.

துறைமுகக் கட்டடத்தில் காற்றுமானி அறைக்குப் பொறுப்பானவர் எமீலியோ. ஓய்வு பெறுகிற வயது, தடித்த மீசை, கம்பளிச் சட்டை. அவருக்கு ஸ்பானிய மொழி மட்டும்தான். பழைய கருவியைக் கழற்றிய இடத்தில் கம்பம் மொட்டையாக நின்றது. அதுவரைக்கும் ஜன்னலால் கடலைப் பார்த்து, கண்மதிப்பாகத்தான் துறைமுகத்தைத் திறப்பதும் மூடுவதும்.

அங்கே ஜன்னலடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கோப்பிக் கோப்பையை இடது கையால் பிடித்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது.

"இவர்தான் ராமோன்" என்றார் மார்த்தா. "அந்தப் படகில் போனவர்."

அவர் எழும்பி எனக்குத் தலையசைத்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. சீட்டில் இருந்த இலக்கத்தை நான் சொல்லவில்லை. பிழை எண்ணெயில் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே அவருடைய புதிய படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் பழகி, திரும்பவும் ஓட்டுகிறாராம்.

மறுநாள் காலையில் ஓர் அசம்பாவிதம் நடந்தது. விடுதியில் இருந்து நடந்து வரும்போது, ஒரு முனையில் பெரே என்னிடம் ஏதோ சொல்வதற்காகக் கயிற்றில் இருந்து கையை எடுத்தார். அவ்வளவுதான். காற்று அவரைத் தூக்கி நடைபாதையின் விளிம்பில் போட்டது. எழும்பியபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுமுன், முகம் வெளிறிப்போய்ச் சொன்னார். "நொஷாட்டலுக்குத் தந்தி அடிப்போம். வேறொருவர் வருவார். இரண்டு கிழமை."

"இரண்டு கிழமைக்கு ராமோன் எதைப் பார்த்துப் படகை எடுப்பார்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பியிருந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

"நான் ஏறுகிறேன்."

"மடாம் குலா, அது பத்து மீற்றர்."

"மேலே பூட்டப்போவது என் கைக்குப் பழகிய பேரிங். அதை என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பயம் இல்லாமல் இல்லை. தென்னையில்கூட ஏறாத பெண் நான். ஆனால் ஜன்னலடியில் கிடந்த அந்தக் கை கண்ணுக்குள் நின்றது.

5

பெரேயைப் பார்த்துக்கொள்ள மார்த்தா ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டார். துறைமுகத்தில் எமீலியோவும் நானும் மட்டும். அவருக்குத் தெரிந்த மொழி எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. கையைக் காட்டி, கடதாசியில் கீறி ஒருமாதிரி ஒப்பேற்றினோம். நான் மேலே கருவியைப் பூட்டிவிட்டு, கையில் வைத்திருக்கும் சிறிய மானியில் காற்றை அளப்பேன். அதேநேரம் அவர் கீழே அறையில் பெரிய முகப்பில் முள் எந்தப் பத்துக்குக் கிட்ட நிற்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் கருவி சரி. படகுக்காரர்கள் பாவிக்கும் வோக்கிரோக்கி இரண்டு எடுத்துவந்தார்.

காற்று குறைந்த நேரம் பார்த்து ஏறினேன். எமீலியோ இடுப்புப் பட்டியைத் தன் கையாலே பூட்டி, மூன்றுதரம் இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு படிக்கும் கொக்கியை மாற்றி மாற்றி மாட்ட வேண்டும். கீழே பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரும்பை மட்டும் பார்த்தேன். மேலே போனபோது கம்பம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, மரத்துப்போன விரல்களால் பேரிங்கை அமர்த்தி, அச்சை இறக்கி, காற்றைப் பிடிக்கும் கிண்ணங்களை மாட்டினேன். என் மேசையில் பத்து நிமிட வேலை. அங்கே முக்கால் மணித்தியாலம். கடைசித் திருகாணி இறுகியதும் மூன்று கிண்ணங்களும் சுழலத் தொடங்கின. வாய்விட்டுச் சிரித்தேன். கையுறை கடலுக்குப் பறந்துவிட்டது.

பிறகு அளக்கத் தொடங்கினோம். என் மானியில் முப்பத்தெட்டு. வோக்கிரோக்கியில் எமீலியோ சொன்ன எண், பிரெஞ்சு எண்ணுக்குக் கிட்டத்தான் ஒலித்தது. நாற்பது. நல்லது. காற்று ஏறியது. ஐம்பத்திரண்டு. அவர் ஐம்பது என்றார். இன்னும் ஏறியது. கம்பம் இப்போது நன்றாக ஆடியது. என் மானியில் அறுபத்தொன்பது.

எமீலியோ சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. ஸ்பானிய மொழியில் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். காற்றின் இரைச்சலில் அந்த எழுத்து அடிபட்டுப் போனது. அறுபது என்றால் பழைய நோய் அப்படியே இருக்கிறது. எழுபது என்றால் நான் வென்றுவிட்டேன். "திரும்பச் சொல்லுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் திரும்பச் சொன்னார். திரும்பவும் விளங்கவில்லை. மூன்றாம்முறை, நாலாம்முறை. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினாலா, ஆத்திரத்தினாலா, சொல்லத் தெரியவில்லை.

கொஞ்சநேரம் வோக்கிரோக்கி கரகரத்தது. பிறகு வேறொரு குரலில், மேடையில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி, எமீலியோ மெதுவாக எண்ணத் தொடங்கினார். "சங்காந்த்... சுவாசாந்த்... செப்தாந்த்."

பிரெஞ்சு! ஐம்பது, அறுபது, எழுபது. கடைசி எண்ணை அழுத்தி இன்னொருமுறை சொன்னார். "செப்தாந்த்!"

எழுபது. முள் எழுபதில் நிற்கிறது.

அதற்குள் காற்று இன்னும் ஏறிவிட்டது. என் மானியில் எழுபத்தொன்பது. கீழிருந்து உடனே வந்தது: "உயித்தாந்த்!" எண்பது.

நான் இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சரி! சரி!" என்று கத்தினேன். அதற்குமேல் எமீலியோ எண்ணவில்லை. இறங்கு, இறங்கு என்று ஸ்பானிய மொழியில் ஏசத் தொடங்கிவிட்டார். ஏச்சு எந்த மொழியிலும் விளங்கும்.

பின்னேரம் மார்த்தா வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்கச் சொன்னேன். பிரெஞ்சு தெரியாதவர் எங்கே படித்தார் அந்த எண்களை?

எமீலியோ கூச்சத்தோடு சிரித்தார். "அப்பா பட்டியில் ஆடுகளை இப்படித்தான் எண்ணுவார். தாத்தாவிடம் பழகியது. தாத்தா கப்பலில் வந்தவர். சுவிஸ் என்று சொல்வார்கள். அந்த எண்களைத் தவிர வீட்டில் வேறொன்றும் மிஞ்சவில்லை. அது என்ன மொழி என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. மேலே நீங்கள் அழுவது கேட்டது. நீங்கள் சுவிஸிலிருந்து வந்தவராயிற்றே என்று, தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன்."

"சுவிஸில் எந்த இடம்?"

"அது ஒருவருக்கும் தெரியாது."

எனக்குத் தெரிந்தது! நொஷாட்டலில் எண்பதை 'நாலு இருபது' என்றுதான் சொல்வோம். பிரெஞ்சு வகுப்பில் அந்தக் கணக்கோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'உயித்தாந்த்' என்று சொல்பவர்கள் அடுத்த மாநிலங்களில் இருக்கிறார்கள், ஃப்றிபூர்க், லௌசான் பக்கம். "எங்கட ஊரில் அப்படிச் சொல்வதில்லை" என்று மார்த்தாவிடம் சொன்னேன். "இவருடைய தாத்தா அநேகமாக ஃப்றிபூர்க் பக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. எங்கட ஊர் என்று நான் சொன்னது நொஷாட்டலை.

எமீலியோ கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த இடம் எப்படி இருக்கும்? மலையா, சமதரையா? ஆடா, மாடா? காற்று அடிக்குமா? மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் விடை தெரியாத கேள்விகளை யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியிடம் கேட்டார். நானும் சளைக்காமல் சொன்னேன். மாடுதான், கறுப்பு வெள்ளை. கோடையில் மலைக்கு ஓட்டிப் போவார்கள். பாற்கட்டி செய்வார்கள். காற்று உண்டு, ஆனால் கயிறு கட்டுகிற அளவுக்கில்லை. எமீலியோவின் கண்கள் என் வாயை விட்டு நகரவில்லை.

"நீங்கள் சுவிஸ்காரியா?" என்று கடைசியில் கேட்டார்.

"பிறந்தது இலங்கை. இருப்பது அங்கே" என்றேன்.

"அப்படியானால் என் தாத்தாவைப் போல" என்றார். அந்த ஒப்பீடு எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அகதி என்று எழுதிய பத்திரத்தோடு வந்தவளை, ஒரு வம்சத்தின் முதல் ஆளோடு வைத்துப் பார்த்தார் அவர்.

அன்று விடுதியில் சுபாவை நினைத்துக்கொண்டேன். அவளுடைய பேரப்பிள்ளைகளிடம் எது மிஞ்சும்? ஒன்று, இரண்டு, மூன்றா? முன்பு இந்த யோசனை வந்தால் எழும்பி வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அன்று போகவில்லை. எந்த மொழி என்றே தெரியாமல் மூன்று தலைமுறை காப்பாற்றிய ஆறேழு சொற்கள் எனக்கு அன்று உதவியதை நான் என் காதால் கேட்டுவிட்டேன்.

6

மூன்றாம் நாள் காலையில் பெரே கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார். வானம் வெளுத்து, வெயில்கூட இருந்தது. ஜன்னலால் பார்த்தால் கடல் அவ்வளவு மோசமில்லை போலத்தான் தெரிந்தது. கம்பளி ஏற்ற வந்த கப்பல் ஒன்று வெளியே காத்து நின்றது. ராமோன் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு படகுக்கு இறங்க ஆயத்தமானார்.

எமீலியோ முகப்பின் முன்னால் நின்று, "பொறு" என்பது போலக் கையைக் காட்டினார்.

முள் ஐம்பத்தைந்தில் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அறுபதைத் தாண்டியது. எமீலியோ ஒரு நிமிடம் ஜன்னலையும் ஒரு நிமிடம் முள்ளையும் பார்த்தார். வெளியே வெயில் எறிக்கிறது. என் கருவி பொய் சொன்னால்? அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

எமீலியோ ரெலிபோனை எடுத்துத் துறைமுகத்தை மூடச் சொன்னார். மூடியதைக் காட்டும் கொடி ஏறியது.

பத்து நிமிடத்துக்குள் கப்பல் கொம்பனியின் ஆள் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தினார். நல்ல வெயிலில் ஒரு நாள் வீண் என்று சொன்னதாக மார்த்தா சொன்னார். எமீலியோ விரலால் முகப்பின் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். எழுபத்தெட்டு. அந்த ஆள் வாயை மூடி முடிப்பதற்குள் கரையிலிருந்து வெளியே கடல் வெள்ளையாக மாறிக்கொண்டு போனது. சற்று நேரத்தில் நீரிணையின் அக்கரை மறைந்துவிட்டது. கட்டடத்தின் தகரம் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. முள் தொண்ணூற்றைத் தொட்டது.

பெரே நல்ல கையால் என் தோளைத் தொட்டார். அவ்வளவுதான். அவருடைய குணத்துக்கு அதுவே ஒரு பெரிய பேச்சு.

ராமோன் ஜன்னலடியில் நின்று தன்னுடைய படகையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கட்டிய இடத்தில் குதித்துக்கொண்டு கிடந்தது. பிறகு மார்த்தாவிடம் ஏதோ கேட்டார்.

"இதைச் செய்தது நீங்களா என்று கேட்கிறார்."

"ஓம் என்று சொல்லுங்கோ" என்றேன். தமிழில் சொன்னேனா பிரெஞ்சில் சொன்னேனா, எனக்கு நினைவில்லை. மார்த்தாவுக்கு விளங்கியது. "முதல் இரண்டும் என் கையால் செய்ததுதான் என்றும் சொல்லுங்கோ."

மார்த்தா தயங்கினார். நான் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். சொன்னார்.

ராமோன் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வந்து இடது கையை நீட்டினார். நானும் இடது கையைக் கொடுத்தேன். எங்கள் வழக்கத்தில் இடது கையால் எதையும் கொடுக்க மாட்டோம். அன்று அது எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் சொன்னதை மார்த்தா எனக்குச் சொன்னார். "இன்றைக்கு வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கலாம். மனைவி நம்பவே மாட்டாள்."

மேல்சட்டையின் பொத்தான்களை ஒற்றைக் கையால் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, ராமோன் வெளியே இறங்கினார். நானும் எமீலியோவும் ஜன்னலால் பார்த்தோம். தெருமுனையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருகணம் நின்றார். காற்று சற்றுத் தணிந்ததும் தெருவைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தார்.